ஐந்தாம் இரவின் நாடித்துடிப்பு

அண்ணாவின் கட்டிலோரம் நான் வைத்திருந்த நாற்பது பக்கக் கொப்பியில், 2017 ஜூன் மாதத்து ஓர் இரவுக்குரிய வரிகள் இப்படி இருக்கின்றன: "10 மணி: நாடி 92. 12 மணி: 104. 1.30: 118. காய்ச்சல் 38.1. வயிறு ஊதல், விக்கல்." அதற்குக் கீழே, "மிஸ்ஸி டொக்டரைக் கூப்பிட்டா" என்று கோணலான எழுத்தில் எழுதியிருக்கிறேன். நேர்குடல் புற்றுநோய்க்காக அவருக்குச் சத்திரசிகிச்சை முடிந்து அது ஐந்தாம் நாள். பகல் முழுவதும் நன்றாகத்தான் இருந்தார். கஞ்சி குடித்தார், வாட்டின் கடைசி ஜன்னல் வரைக்கும் இரண்டு தடவை நடந்தார். இரவில் அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதை நான் களைப்பு என்று நினைத்தேன். நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடும் அந்தத் தாதி அப்படி நினைக்கவில்லை. நாடியைத் தொட்டு, மணிக்கூட்டைப் பார்த்து முழு நிமிடமும் எண்ணினார், பிறகு சிங்களத்தில் "ரிதெனவாத?" (வலிக்கிறதா?) என்று கேட்டு, வயிற்றின் இடது கீழ்ப்பக்கத்தை மெல்ல அழுத்தினார். விடிவதற்குள் இரத்தம் எடுக்கப்பட்டது, காலையில் சீ.டி. ஸ்கேன். குடலை வெட்டி இணைத்த இடத்தில் சிறிய கசிவு ஏற்பட்டு, அதன் பின்னால் சீழ் தேங்கியிருந்தது. ஸ்கேன் உதவியுடன் குழாய் வைத்து அதை வடித்து, நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றினார்கள். மேலும் பதினாறு நாள் வாட்டில் இருந்துவிட்டு அண்ணா திருகோணமலைக்குத் திரும்பினார்.

அதன்பிறகு எங்கள் வீட்டில் பல வருடங்களாக, வந்து விசாரித்தவர்களிடமெல்லாம் சத்திரசிகிச்சை நிபுணரின் கையைப் பற்றித்தான் பேசினோம். அந்தக் கைக்கு அந்த மரியாதை தகும். ஆனால் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் என்ற முறையில், சமிபாட்டுத் தொகுதிப் புற்றுநோய்களின் சத்திரசிகிச்சை விளைவுகளைப் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கியபோது, அண்ணாவின் உயிர் தங்கிய இடம் சத்திரசிகிச்சைக் கூடம் மட்டுமல்ல, அந்த ஒன்றரை மணி இரவும் தான் என்பது எனக்குப் புரிந்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் நாங்கள் பிந்திப்போனதைச் சொல்லவேண்டும். அண்ணாவுக்கு மலத்துடன் இரத்தம் போகத் தொடங்கியது 2016 சித்திரையில். தபாற்கந்தோரில் முப்பது வருடம் கதிரையில் இருந்து வேலை பார்த்தவர் என்பதால், அவர் உட்பட எல்லோரும் அதை மூலம் என்றே சொன்னோம். நகரில் ஒரு தனியார் மருந்தகத்தில் பூசுமருந்து கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் சூரணம் கொடுத்தார்கள். எட்டு மாதமாக ஒருவருமே கையுறை போட்டு ஒரு விரலால் சோதித்துப் பார்க்கவில்லை. கடைசியில் கட்டி இருந்ததோ விரல் எட்டும் தூரத்தில். மலம் கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, வழக்கம் மாறிப்போதல், காரணம் தெரியாத இரத்தச்சோகை, மெலிவு ஆகியவை மூலம் என்று சொல்லி ஒதுக்கிவிடக்கூடிய அடையாளங்கள் அல்ல என்பதை வகுப்பில் உயிரியல் படிப்பித்த நானே யோசிக்கவில்லை. நம்மூரில் மூலம் என்ற சொல் வெட்கத்தை மூடி வைக்க உதவுகிறது. அந்த மூடியின் கீழ்தான் கட்டி வளர்கிறது. ஐம்பது வயது தாண்டிய ஒருவருக்கு இரத்தம் போனால், மூலம் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும்கூட, கொலனொஸ்கொப்பி (குடலுக்குள் கமெராக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) செய்து உள்ளே வேறொன்றும் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளவேண்டும் என்பதை நான் இப்போது வெட்கமின்றி எல்லோரிடமும் சொல்கிறேன்.

நோய் தெரிந்தவுடன் வெட்டி எடுத்துவிடவேண்டும் என்றுதான் அண்ணி அழுதா. ஆனால் எம்.ஆர்.ஐ. பார்த்த வைத்தியர்கள் முதலில் கதிர்ச்சிகிச்சை, பிறகுதான் வெட்டு என்றார்கள். அண்ணாவும் நானும் இரவு ரயிலில் ஏறி, கல்லோயாச் சந்தி தாண்டும் வரை ஒருவரோடொருவர் பேசாமல் இருந்து, விடிகாலையில் கொழும்புக் கோட்டையில் இறங்கி மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனோம். சனி ஞாயிறு நீங்கலாக 28 நாள் கதிர், கூடவே கெப்பசிட்டபீன் என்ற புற்றுநோய் மாத்திரை. வாடகை அறையில் ஐந்தரை வாரம். இந்தத் தாமதம் ஏன் என்று அப்போது எனக்குக் கோபமாக இருந்தது. பிறகு வாசித்தேன்: 1997இல் வெளியான சுவீடன் ஆய்வில், சத்திரசிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கு ஐந்து வருடத்துக்குள் அதே இடத்தில் நோய் மீண்டும் வந்தது, முன்கூட்டியே கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களில் அது 11 சதவீதம். கதிர்ச்சிகிச்சையையும் மருந்தையும் வெட்டுக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்று ஒப்பிட்ட ஜேர்மனிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. அதே இடத்தில் நோய் மீண்டும் வந்தது, முன்னே கொடுத்தவர்களில் 6 சதவீதம், பின்னே கொடுத்தவர்களில் 13 சதவீதம். எங்கள் ஐந்தரை வாரம் வீணாகவில்லை.

வெட்டும் முறைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1908இல் லண்டனில் ஏர்னஸ்ட் மைல்ஸ், நேர்குடலையும் ஆசனவாயையும் சேர்த்து வயிற்றுப்பக்கமாகவும் கீழ்ப்பக்கமாகவும் அகற்றும் முறையை எழுதி வெளியிட்டார். அன்று முதல் நெடுங்காலம் அந்த நோய்க்குத் தப்பியவர்கள் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க வயிற்றில் மலப் பையுடன் வாழ்ந்தார்கள். 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் என்ற சிறிய நகரத்து வைத்தியசாலையில் பணியாற்றிய பில் ஹீல்ட் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: நேர்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புறை இருக்கிறது, நோயின் தூசிகள் அதற்குள்ளேதான் ஒளிந்திருக்கின்றன, அந்த உறையைக் கிழிக்காமல், இயற்கையாகவே பிரிந்திருக்கும் தளத்தின் வழியே முழுதாக எடுத்தால் நோய் அங்கே திரும்பி வருவது பெருமளவு குறைகிறது. புதிய மருந்தோ இயந்திரமோ இல்லாமல், கை போகும் பாதையை ஒரு சில மில்லிமீற்றர் மாற்றியதால் கிடைத்த பலன் அது. அந்த முறையில் பயிற்சி பெற்றவர்கள் செய்த நெதர்லாந்து ஆய்வு 2001இல் வந்தது. இரண்டு வருடத்தில் மீள்வரவு, சத்திரசிகிச்சை மட்டும் என்றால் 8.2 சதவீதம், முன்னே குறுகிய கதிர்ச்சிகிச்சையும் சேர்ந்தால் 2.4 சதவீதம். அண்ணாவின் திசுப் பரிசோதனை அறிக்கையில் "உறை முழுமையாக உள்ளது, எடுக்கப்பட்ட நிணநீர்க் கணுக்கள் 14, நோய் கண்டவை 0" என்று இருந்த வரியை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். 12 கணுக்களுக்குக் குறைவாகப் பார்த்திருந்தால் அந்தப் பூச்சியத்தை முழுதாக நம்பமுடியாது என்பது குடற்புற்றுநோயில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுகோல். அறிக்கை கையில் கிடைக்கும் குடும்பத்தார் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம். கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்கமாட்டார்.

இனி அந்த இரவுக்கு வருகிறேன்.

குடலின் இரு முனைகளையும் இணைத்த இடம் முதல் சில நாட்களில் தன் பலத்தில் நிற்பதில்லை. தையலும் கிளிப்புகளும்தான் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. முனைகளுக்கு இரத்த ஓட்டம் குறைந்தாலோ, இணைப்பு இழுபட்டாலோ, கதிர்ச்சிகிச்சை பெற்ற திசு ஆறத் தாமதித்தாலோ அங்கே கசிவு ஏற்படலாம். இணைப்பு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும். அதனால்தான் மேலே சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே எடுத்துப் பை பொருத்துகிறார்கள். 2007இல் வெளியான இன்னொரு சுவீடன் ஆய்வில், இந்தப் பை வைத்தவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு அறிகுறியுடன் கூடிய கசிவு ஏற்பட்டது. வைக்காதவர்களில் 28 சதவீதத்தினருக்கு. எனவே கசிவு என்பது திறமையான கைகளுக்கும் நேரக்கூடியது. அதை எவ்வளவு விரைவில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதில்தான் ஒரு வைத்தியசாலைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தூரம் தெரிகிறது.

இதை ஆராய்ந்தவர்கள் அதற்கு வைத்த பெயர், தமிழில் சொன்னால், மீட்கத் தவறுதல்: சிக்கல் வந்தபின் நோயாளியைக் காப்பாற்ற முடியாமல் போவது. 1992இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி சில்பர் அந்தக் கருத்தை முன்வைத்தார். 2009இல் மிச்சிகனைச் சேர்ந்த அமீர் கஃபேரியும் அவருடைய சகாக்களும் 84,730 நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தபோது கண்டதை நான் முதல்முறை வாசித்தபோது, மேசையில் இருந்த தேநீர் ஆறியது தெரியாமல் இருந்தேன். சாவு மிகக் குறைந்த வைத்தியசாலைகளிலும் மிகக் கூடிய வைத்தியசாலைகளிலும் சிக்கல்கள் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நேர்ந்தன: இரண்டிலும் 24க்கும் 27க்கும் இடைப்பட்ட சதவீதம். ஆனால் பெரும் சிக்கல் ஏற்பட்டவர்களில், நல்ல வைத்தியசாலைகளில் 12.5 சதவீதத்தினர் இறந்தார்கள், மற்றவற்றில் 21.4 சதவீதத்தினர். சிக்கல் இரண்டு இடத்திலும் வந்தது. ஓரிடத்தில் அது நேரத்தோடு யாரோ ஒருவரின் கண்ணில் பட்டது.

2021இல் வந்த இன்னோர் ஆய்வு இதை உலகளவில் பார்த்தது. 82 நாடுகள், 428 வைத்தியசாலைகள், மார்பகம், இரைப்பை, பெருங்குடல் மற்றும் நேர்குடல் புற்றுநோய்க்காகச் சத்திரசிகிச்சை பெற்ற 15,958 பேர். வருமானம் குறைந்த நாடுகளில் நோயாளிகள் நோய் முற்றிய பிறகு வருவதால்தான் அங்கே அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று நாம் இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். முதல் முப்பது நாட்களில் நேர்ந்த சாவுகளின் வித்தியாசத்தில் நோயின் படிநிலை மட்டும் விளக்கியது மிகச் சிறிய பங்கு என்று அந்த ஆய்வு கண்டது. பெரும் சிக்கல் வந்தபின் இறக்கும் வாய்ப்பு, வசதியுள்ள நாடுகளைவிட வறிய நாடுகளிலும் கீழ்-நடுத்தர வருமான நாடுகளிலும் ஏறத்தாழ ஆறு மடங்கு. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய பராமரிப்பு வசதிகள் எப்போதும் கிடைக்காத இடங்களில், பெரும் சிக்கல் ஏற்பட்ட ஒவ்வொரு 100 பேரிலும் 7 முதல் 10 பேர் கூடுதலாக இறந்திருந்தார்கள். அந்த வசதி என்பது விடியும் வரை ஒரு கண் விழித்திருக்கும் கட்டில், தேவைப்படும்போது ஸ்கேன், அழைத்தால் வரக்கூடிய வைத்தியர் ஆகியவைதான்.

எங்களுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. அண்ணாவுக்குத் தபாற்கந்தோர் வாழ்க்கை கொடுத்த சிங்களம் இருந்தது. எங்கே, எப்படி, எப்போதிருந்து வலிக்கிறது என்று அவரால் சொல்லமுடிந்தது. அடுத்த கட்டிலில் இருந்த மூதூர்க்காரருக்குத் தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாது. வலிக்கிறதா என்று கேட்டால் பயத்தில் தலையை ஆட்டுவார். ஆம் என்றா இல்லை என்றா ஒருவருக்கும் புரியாது. தாதிகளில் பலர் அன்பானவர்கள், ஆனால் ஒருவருக்கு நாற்பது நோயாளிகள் இருக்கும் இரவில் அன்புக்கும் மொழி வேண்டும். நான் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் வலி, குளிர், தலைச்சுற்று, மூச்சு வாங்குது, வாந்தி, சிறுநீர் போகவில்லை என்ற சொற்களுக்குச் சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைக் கிழித்து அவருடைய தலையணையின் கீழ் வைத்தேன். தெற்கே சத்திரசிகிச்சைக்குப் போகும் எங்கள் மாவட்டத்து நோயாளிகளுக்கு இப்படியொரு தாளைக் கிளினிக்கிலேயே கொடுத்து அனுப்பவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தெற்கே போகத்தான் வேண்டுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அண்மையில் இருக்கும் வைத்தியசாலையா, தூரத்தில் இருக்கும் பெரிய வைத்தியசாலையா என்ற கேள்விக்கு உறுப்பைப் பொறுத்துத்தான் விடை சொல்லமுடியும். 2002இல் ஜோன் பேர்க்மேயர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், சதையியை, அதாவது கணையத்தை, அகற்றும் சத்திரசிகிச்சை மிக அரிதாக நடக்கும் வைத்தியசாலைகளில் 16.3 சதவீதத்தினரும், மிக அதிகமாக நடக்கும் இடங்களில் 3.8 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். களத்துக்கு, அதாவது உணவுக்குழாய்க்கு, அது 20.3 சதவீதமும் 8.4 சதவீதமும். பெருங்குடலில் வித்தியாசம் இவ்வளவு பெரியதாக இல்லை. ஆகவே சதையிக்கும் களத்துக்கும் எவ்வளவு தூரமானாலும், அதை அடிக்கடி செய்யும் இடத்துக்குப் போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். பெருங்குடலின் மேற்பகுதிக் கட்டிக்கு, இரவுப் பராமரிப்பு நன்றாக உள்ள வைத்தியசாலை அருகிலேயே இருந்தால் அதற்கும் ஒரு பெறுமதி உண்டு, ஏனெனில் வீடு திரும்பிய பத்தாம் நாள் காய்ச்சல் வந்தால் கந்தளாய்க் காட்டுவழியே ஏழு மணிநேரம் பயணம் செய்யமுடியாது.

இரைப்பையில் இந்த உண்மை மிகக் கசப்பாக வெளிப்பட்டது. ஜப்பானியர் இரைப்பையைச் சுற்றியுள்ள கணுக்களை விரிவாக அகற்றும் முறையைக் கையாண்டு வந்தார்கள். அது ஐரோப்பாவில் பலன் தருமா என்று பார்க்க, 1989இல் தொடங்கிய நெதர்லாந்து ஆய்வில் ஜப்பானிலிருந்து மித்சுரு சசாகோவே வந்து பயிற்சி கொடுத்தார். ஆனாலும் விரிவான சத்திரசிகிச்சை பெற்றவர்களில் 10 சதவீதத்தினர் ஆரம்ப நாட்களிலேயே இறந்தார்கள். சுருக்கமானதில் 4 சதவீதம். அந்த முறையால் பயனில்லை என்றே பலர் முடிவு செய்தார்கள். 15 வருடம் கழித்து, 2010இல் வெளிவந்த தொடர்ச்சியில், விரிவாகச் செய்தவர்களில் 37 சதவீதத்தினரும் சுருக்கமாகச் செய்தவர்களில் 48 சதவீதத்தினரும் இரைப்பைப் புற்றுநோயால் இறந்திருந்தது தெரியவந்தது. வெட்டின் நன்மை உண்மையானது. அதை அனுபவிக்க முதல் மாதத்தைக் கடந்திருக்கவேண்டும்.

முதல் மாதத்தை விடுங்கள், சத்திரசிகிச்சை மேசைக்கே வராதவர்களும் உண்டு. தம்பலகாமத்தில் இருந்த எங்கள் சின்னம்மா ஐம்பது வருடம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போட்டவர். 2013இல் முதலில் இறைச்சி இறங்கவில்லை என்றார், பிறகு சோறு, பிறகு பாணைத் தேநீரில் தோய்த்துத்தான். "பல்லில்லாத கிழவிக்கு இதெல்லாம் வழமைதானே மோனை" என்று என்னிடம் சொன்னார். களத்தில் கட்டி என்று தெரிந்தபோது 48 கிலோவாக இருந்தவர் 39 கிலோ. சத்திரசிகிச்சைக்கு உடல் தாங்காது என்று கம்பிவலைக் குழாய் ஒன்றை உள்ளே வைத்தார்கள். ஐந்து மாதம் கஞ்சியும் இளநீரும் இறங்கின. 2012இல் வெளியான நெதர்லாந்தின் புகழ்பெற்ற ஆய்வு, களப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே மருந்தும் கதிரும் கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்தால் நடு உயிர்வாழ்வு, அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 24 மாதத்திலிருந்து 49.4 மாதமாகக் கூடுகிறது என்று காட்டியது. அந்த ஆய்வில் சேர, உடல் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கக்கூடாது. சின்னம்மாவுக்குக் குறைந்தது ஏறத்தாழ 19 சதவீதம். சத்திரசிகிச்சை விளைவுகளின் அட்டவணைகளில் அவரைப் போன்றவர்களுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. வெற்றிலையைப் புகையிலை சேர்க்காமல் போட்டால் தீங்கில்லை என்று இன்னும் நம்புபவர்களுக்கு ஒன்று: சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே பாக்கையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக அறிவித்துவிட்டது.

அண்ணா பையுடன் ஏழு மாதம் இருந்தார். எங்களூர் வெக்கையில் வியர்வை பட்டு ஒட்டும் பகுதி கிளம்பிவிடும்; மத்தியானத்தில் மாற்றினால் அடுத்த நாள் வரை நிற்காது, விடியற்காலையில் தோல் உலர்ந்திருக்கும்போது, சாப்பிட முன் மாற்றினால் இரண்டு மூன்று நாள் நிற்கும் என்பதை அண்ணிதான் கண்டுபிடித்தா. சிறுகுடல் பை என்பதால் உப்பும் நீரும் நிறையப் போகும். கஞ்சியில் உப்புக் கூட்டிக் கொடுக்கவேண்டும். "தம்பி, இந்தப் பையோட கோணேசர் கோயிலுக்குப் போகலாமோ?" என்று ஒருநாள் கேட்டார். போகலாம் அண்ணா என்றேன். கோட்டை வாசலில் மான்கள் நிற்கும் இடம் வரை ஆட்டோவில் போய், அங்கிருந்து மேட்டில் மெல்ல நடந்தோம். 2018 தையில் குடலை உள்ளே வைத்து மூடினார்கள்.

ஐந்து வருடப் பரிசோதனை வந்தது 2022 ஜூனில், பெற்றோல் வரிசைகள் நகரைச் சுற்றிக் கிடந்த நாட்களில். ரயிலில் நின்றுகொண்டே போய்க் காட்டிவிட்டு வந்தோம், நோய் இல்லை. முதல்நிலை உறவினன் என்பதால் நானும் கொலனொஸ்கொப்பி செய்துகொண்டேன். ஒரு சிறிய முளை இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். அண்ணாவின் பிள்ளைகள் இருவரும் நாற்பது வயதில் செய்யவேண்டும் என்பதை அண்ணியின் கலண்டரில் எழுதி வைத்திருக்கிறோம்.

சென்ற மாசி மாதம் என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பனுக்குப் பெருங்குடலில் சத்திரசிகிச்சை நடந்தது. அண்ணாவின் கொப்பியைப் போலவே ஒன்றைக் கோடு போட்டு, மணி, நாடி, காய்ச்சல், சிறுநீர், வலி என்று தலைப்பிட்டுக் கொடுத்திருந்தேன். நான்காம் நாள் இரவு பதினொன்றே முக்காலுக்கு அழைத்தான்.

"சேர், அப்பாவுக்கு நாடி 106. முதல் 88தான் இருந்தது. என்ன செய்யிறது?"

"என்னோட கதைக்காதை, போனை வைச்சிட்டு மிஸ்ஸியிட்டப் போ. கொப்பியையும் கொண்டு போ."

காலையில் மீண்டும் அழைத்தான். உடலில் நீர் குறைந்திருந்ததாகக் கண்டு சேலைன் ஏற்றினார்களாம், இரத்தமும் எடுத்துப் பார்த்துவிட்டார்களாம். நாடி 84 என்றான்.